பழைய விமானத்தை உடைக்கப் போகிறீர்களா? ‘காலி’ என்ற சொல்லை நம்பாதீர்கள்

பறக்கும் காலம் முடிந்து ஓரமாக நிறுத்திய விமானம் வெறும் அலுமினியக் கூடு போலத் தெரியும். இருக்கைகளைக் கழற்றியிருப்பார்கள், என்ஜின் போயிருக்கும், எரிபொருள் டேங்க் காலி என்று ஒரு சீட்டு தொங்கும். இனி ரம்பத்தை எடுத்து அறுக்க வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும். அந்த நினைப்பிலிருந்துதான் விபத்து தொடங்குகிறது. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அது பழைய விமானத்துக்கு அப்படியே பொருந்தும். காலியான டேங்க்கில் ஆவி நிற்கும். ஒளி மங்கிய மீட்டரில் ரேடியம் அப்படியே இருக்கும். விமானத்தின் அசையாத சக்கரக் கால்களுக்குள் நைட்ரஜன் அடைந்திருக்கும்.

விமான உடைப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவும், ஒரு பழைய விமானத்தை வாங்கிப் பிரிக்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் உள்ளதை முடிக்காமல் பின்னால் உள்ளதைத் தொட்டால் ஆள் சாகக்கூடிய இடங்கள் இதில் இருக்கின்றன.

1. முதலில் காகிதம், அப்புறம்தான் கருவி

விமானத்தின் ரகம், கட்டிய ஆண்டு, வரிசை எண் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வயது தெரிந்தால் பாதி ஆபத்து தெரிந்துவிடும். 1940, 50-களின் ராணுவ விமானம் என்றால் ரேடியம் பூசிய மீட்டர்களையும் கல்நாரையும் (ஆஸ்பெஸ்டாஸ்) எதிர்பாருங்கள். 1970-களின் பெரிய பயணிகள் விமானம் என்றால் வாலில் யுரேனியம் இருக்கலாம். 2010-க்குப் பிறகு வந்தது என்றால் லித்தியம் பேட்டரியும் டன் கணக்கில் கார்பன் நாரும் இருக்கலாம்.

பராமரிப்புப் பதிவேட்டையும் தயாரிப்பாளரின் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். ஆபத்தான பாகம் எது, எங்கே இருக்கிறது என்பதை அவற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் ஒன்று: பாகங்கள் விமானம் விட்டு விமானம் மாறும். புதிய விமானத்தில் பழைய சுக்கானைப் பொருத்தியிருக்கலாம். ஆகவே கையேடு சொல்வதைக் கண்ணாலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள். பதிவேடே கிடைக்கவில்லை என்றால், எல்லா ஆபத்தும் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பிறகு கையில் எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு முழுச் சுற்று. கதிர்வீச்சு அளக்கும் கருவி, கேமரா, சிவப்பு நாடா மட்டும் போதும். சந்தேகப்படும் ஒவ்வொன்றுக்கும் நாடா கட்டி, படம் எடுத்து, பட்டியலில் ஏற்றுங்கள். இந்தச் சுற்றுக்கு ஒரு நாள் முழுக்க ஆனாலும் பரவாயில்லை. எனக்குத் தெரிந்தவரை இந்த வேலையில் செலவழிக்கும் நேரத்தில் இதைவிடப் பலனுள்ளது வேறில்லை.

2. மின்சாரத்தை நிறுத்துங்கள்

பிரதான பேட்டரிகளின் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் மற்ற எதையும் தொட வேண்டும். நிக்கல்-காட்மியம் பேட்டரியில் உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும், காட்மியம் நஞ்சு. லித்தியம் பேட்டரி நசுங்கினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களை உலகெங்கும் பறக்கவிடாமல் நிறுத்தி வைத்தது இந்த வகைப் பேட்டரி எரிந்ததால்தான். முனைகளில் நாடா ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல், மற்ற சரக்கிலிருந்து தள்ளி வையுங்கள்.

பிரதான பேட்டரி போனாலும் சின்னச் சின்னப் பேட்டரிகள் பல மிஞ்சும். கைவிளக்குகள், உயிர்காப்பு ஜாக்கெட்டின் விளக்கு, கறுப்புப் பெட்டியோடு இருக்கும் நீரடி ஒலிப்பான், வாலருகே உள்ள அவசர டிரான்ஸ்மிட்டர் என எல்லாவற்றுக்கும் சொந்தப் பேட்டரி உண்டு. அவசர டிரான்ஸ்மிட்டரைக் கவனமாக அணையுங்கள். அது அதிர்ச்சியை உணர்ந்து தானே இயங்கும் கருவி. கீழே விழுந்தால்கூட 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு ஆபத்து அறிவிப்பு போகும். எங்கோ நிஜமாகவே ஒருவர் உதவிக்குக் காத்திருக்கும் நேரத்தில் மீட்புக் குழு உங்கள் குப்பைமேட்டைத் தேடி வரும்.

3. வெடிக்கக்கூடியவை

ராணுவ விமானம் என்றால் இந்தக் கட்டத்தில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தூக்கியெறியும் இருக்கையில் ராக்கெட்டும் வெடித்தோட்டாக்களும் இருக்கும். விமானி அறையின் கண்ணாடி மூடியில் வெடிகயிறு ஒட்டியிருக்கலாம். பாதுகாப்பு ஊசி செருகியிருக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். அந்த இருக்கையில் பயிற்சி பெற்றவர் வந்து எல்லாத் தோட்டாவையும் எடுத்து, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அருகே போகலாம்.

பயணிகள் விமானத்திலும் வெடிபொருள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. என்ஜினுக்கும் சரக்கு அறைக்கும் உள்ள தீயணைப்புக் குடுவைகளைத் திறப்பது ஒரு சின்ன வெடித்தோட்டாதான். நிலைமின்சாரம்கூட அதை இயக்கிவிடலாம். மின் இணைப்பைக் கழற்றியதும், அதன் முனைகளை ஒன்றாக இணைத்து வைக்கும் குறுக்கிணைப்பு மூடியைப் போட வேண்டும். குடுவைக்குள் இருப்பது பெரும்பாலும் ஹேலான் 1301. ஓசோன் படலத்தை அரிப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகளில் 1994-லேயே இதன் உற்பத்தி நின்றது. இருக்கும் ஹேலானைச் சுத்திகரித்துத்தான் இன்றும் பறக்கும் விமானங்களுக்குக் கொடுக்கிறார்கள். காற்றில் திறந்துவிடாமல், மீட்டெடுக்க அனுமதி பெற்ற நிறுவனத்திடம் குடுவையோடு ஒப்படையுங்கள். கைத் தீயணைப்பான்களில் உள்ள ஹேலான் 1211-க்கும் இதே விதிதான்.

அடுத்து, ஆக்சிஜன் ஜெனரேட்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பயணிகளின் தலைக்கு மேலே முகமூடி விழும் பெட்டிகளுக்குள் சின்ன உலோகக் குப்பி ஒன்று இருக்கும். உள்ளே சோடியம் குளோரேட். முகமூடியை இழுத்தால் ஊசி விடுபட்டு ஒரு சிறு பொட்டைத் தட்டும். குளோரேட் சூடேறிச் சிதைந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். தொடங்கினால் நிறுத்த முடியாது. குப்பியின் வெளிப்புறச் சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூடும் ஆக்சிஜனும் ஒரே இடத்தில் இருந்தால் பக்கத்தில் உள்ள அட்டைப்பெட்டிக்கு வேறென்ன வேண்டும்?

1996 மே 11 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய வேலுஜெட் 592, சில நிமிடங்களில் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் விழுந்தது. இருந்த 110 பேரும் இறந்தார்கள். அதன் சரக்கு அறையில் வேறு விமானங்களிலிருந்து கழற்றிய ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. பாதுகாப்பு மூடி போடவில்லை. சரக்குச் சீட்டில் ‘காலி’ என்று எழுதியிருந்தது. அவை காலியாக இல்லை.

ஆகவே குப்பியைக் கழற்றுவதற்கு முன்பே ஊசி தட்டும் இடத்தில் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். மூடி கிடைக்காவிட்டால் அன்றைக்கு அந்த வேலை வேண்டாம். கையேட்டில் உள்ள முறைப்படி, திறந்தவெளியில், எரியாத தளத்தில் ஒவ்வொன்றாக இயக்கித் தீர்ப்பது இன்னொரு வழி. அப்படித் தீர்ந்த குப்பியிலும் பேரியம் சேர்மங்கள் மிஞ்சும். அதையும் நஞ்சுக் கழிவாகவே அனுப்ப வேண்டும். விமானிகளுக்கான ஆக்சிஜன் சிலிண்டர்களைத் தொடும் கையில் எண்ணெயோ கிரீஸோ இருக்கக்கூடாது. அழுத்தமான ஆக்சிஜனில் கிரீஸ் தானாகவே பற்றிக்கொள்ளும்.

4. அடைந்திருக்கும் அழுத்தம்

விமானத்தின் கால்கள், அதாவது லேண்டிங் கியரின் அதிர்வுத்தாங்கிகள், எண்ணெயையும் நைட்ரஜனையும் சேர்த்து அடைத்த பெரிய சிலிண்டர்கள். விமானத்தை ஜாக்கில் நிறுத்தி, வால்வு வழியாக மெதுவாக அழுத்தத்தை விட்டு, அளவி பூஜ்யத்தைக் காட்டிய பிறகுதான் நட்டைத் தொட வேண்டும். கேஸ் கட்டரால் வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டரும் இதே ஜாதி. சின்ன உருண்டையாக இருப்பதால் ஏமாந்துவிடுவோம்.

டயர்களில் சுமார் 200 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருக்கும், கார் டயரைப் போல ஆறு மடங்கு. சக்கரத்தின் இரு பாதிகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் காற்றோடு தளர்த்தினால் பாதிச் சக்கரம் குண்டு போலப் பறக்கும். விரிசல் விட்ட சக்கரத்தை அச்சின் நட்டு மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் அச்சு நட்டைத் தளர்த்தும் முன்பே காற்றை இறக்குங்கள்.

கதவுகளில் உள்ள அவசரச் சறுக்குகளுக்கும் தனி வாயுக் குடுவை உண்டு. சறுக்கு இணைந்திருக்கும் நிலையில் கதவைத் திறந்தால் சில விநாடிகளில் அது ஊதி வெளியே பாயும், எதிரே நிற்பவரைத் தூக்கி அடிக்கும். இணைப்பைத் துண்டித்து, குடுவையைப் பூட்டிய பிறகே கதவுப் பக்கம் வேலை.

இது நஞ்சு சம்பந்தப்பட்டதல்ல, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: இறக்கையில் தொங்கும் கனமான என்ஜின்களைக் கழற்றினால் எடை பின்னால் போகும். வாலுக்கு முட்டுக் கொடுக்காவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும்.

5. திரவமும் ஆவியும்

எரிபொருளை வடித்த டேங்க், நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தாக இருக்கலாம். எரிவது திரவமல்ல, ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை. 1996 ஜூலை 17-ல் டி.டபிள்யூ.ஏ. 800 வானில் வெடித்தபோது, வெடித்தது ஏறக்குறைய காலியாக இருந்த நடு டேங்க். வடித்தபின் நன்றாகக் காற்றோட்டம் கொடுத்து, வாயு அளவியால் பாருங்கள். தீப்பற்றும் கீழ் வரம்பில் (ஆவி பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் கீழே வராமல் உள்ளே இறங்கக்கூடாது. பொறி பறக்கும் வேலைக்கு இன்னும் கீழே வர வேண்டும். ஆக்சிஜனையும் அளவிடுங்கள்: 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 23.5-ஐத் தாண்டினாலும் உள்ளே போகாதீர்கள். புதிய விமானங்களில் டேங்க்குக்குள் நைட்ரஜன் செலுத்தும் அமைப்பு உண்டு. அங்கே தலையை விட்டால் மூச்சு முட்டுவது தெரியாமலே மயங்கலாம். ராணுவ விமான டேங்க்குகளில் பஞ்சு போன்ற நுரை அடைத்திருப்பார்கள், அது எரிபொருளை உறிஞ்சி வைத்திருக்கும்.

பயணிகள் விமானங்களின் ஊதா நிற ஹைட்ராலிக் எண்ணெய் பாஸ்பேட் எஸ்டர் வகை. கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல், தோலைக் காயவைத்து வெடிக்கவிடும். பெயின்டையே கரைக்கும் சரக்கு அது. அழுத்தத்தில் இருக்கும் குழாயின் ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம்.

எஃப்-16 மாதிரிப் போர் விமானங்களில் அவசர மின்சக்திக்காக ஹைட்ரசீன் இருக்கும், 70 சதவீத ஹைட்ரசீனும் 30 சதவீதத் தண்ணீரும். மூச்சிலும் தோல் வழியாகவும் ஏறும் கொடிய நஞ்சு. அதற்கென உடையும் பயிற்சியும் உள்ளவர் தவிர யாரும் தொடக்கூடாது. சின்ன பிஸ்டன் விமானங்களின் எரிபொருளில் ஈயம் உண்டு. கழிப்பறைத் தொட்டியை முதல் நாளே காலி செய்துவிடுங்கள்.

6. கதிர்வீசுபவை

பெயரைக் கேட்டதும் பயந்து ஓட வேண்டியதில்லை. அளவியும் பொறுமையும் இருந்தால் இவற்றைப் பத்திரமாகக் கழற்றிவிடலாம். அறியாமல் வெட்டுவதும் உருக்குவதும்தான் கேடு.

யுரேனியம் எடைக்கட்டிகள்: ஆரம்பகால போயிங் 747, டி.சி.-10, லாக்ஹீட் ட்ரைஸ்டார் போன்றவற்றில் சுக்கானும் வால்பலகையும் அதிராமல் இருக்க, கனத்துக்காகச் செறிவிழந்த யுரேனியத்தைப் பொருத்தினார்கள். பிற்பாடு டங்ஸ்டனுக்கு மாறினார்கள். 1992 அக்டோபர் 4-ல் ஆம்ஸ்டர்டாம் குடியிருப்பில் விழுந்த எல் ஆல் 747-இன் வாலில் 282 கிலோ இருந்தது. அதில் 152 கிலோ கடைசிவரை கிடைக்கவே இல்லை. அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி: ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். கைக்குள் அடங்கும் கட்டி, தூக்கினால் மணிக்கட்டு இறங்கும். ‘டிப்ளீட்டட் யுரேனியம்’ என்று முத்திரை குத்தியிருக்கும், மேலே பூசிய பெயின்டில் அது மறைந்திருக்கலாம். பூச்சு முழுதாக இருக்கும்வரை வெளியே பெரிய ஆபத்தில்லை. துளை போட்டால், அரத்தால் தேய்த்தால், துரு தூளாக உதிர்ந்தால் அந்தத் தூள் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். மெல்லிய துருவல் தானே தீப்பற்றும். ஈயம் என்று நினைத்து உருக்கினால் உலையும் கெட்டது, ஆளும் கெட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றி, எண்ணி, உங்கள் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

ரேடியம் மீட்டர்கள்: இருட்டில் ஒளிராவிட்டால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தேய்ந்தது ஒளிதரும் துத்தநாக சல்ஃபைடுதான். ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 ஆண்டுகள். கண்ணாடி உடைந்த மீட்டரின் பெயின்ட் செதிலாக உதிரும், கையிலும் சாப்பாட்டிலும் ஒட்டும். ரேடான் வாயுவும் வரும். அழகாக இருக்கிறது என்று வீட்டுக்கு எடுத்துப் போய்த் திறந்து பார்க்க வேண்டாம், குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

தொரியம் கலந்த மக்னீசியம்: பழைய ஜெட் என்ஜின்களின் கூடுகளில் 2 முதல் 3 சதவீதம் தொரியம் இருக்கலாம். கலவைக் குறியீட்டில் ஹெச் எழுத்து வந்தால், உதாரணமாக ஹெச்.கே.31, அது தொரியம். சில ஹெலிகாப்டர்களின் சுழலிறகு விரிசல் காட்டிகளில் ஸ்ட்ரான்சியம்-90 உண்டு. தானே ஒளிரும் வெளிவழிப் பலகைகளில் டிரிட்டியம் வாயு இருக்கலாம், உடைக்காமல் எடுங்கள்.

7. இப்போதுதான் ரம்பம்

சரி, மேலே சொன்ன எல்லாம் வெளியே போயிற்று. இனிமேல் வருவது தூசியும் புகையும். உடனே கொல்லாது, அதனால்தான் மக்கள் அலட்சியமாக இருக்கிறார்கள்.

மஞ்சள்-பச்சை நிறத்தில் அடிப்பூச்சு தெரிந்தால் அது குரோமேட் பிரைமர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். அமெரிக்கத் தொழிலிடச் சட்டம் ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம்தான் அனுமதிக்கிறது. அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. உலர்ந்த கிரைண்டிங் வேண்டாம். கத்தரி போல நறுக்கும் கருவியோ, நனைத்து அறுக்கும் முறையோ நல்லது.

பொன்னிறத்தில் மினுங்கும் போல்ட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கும். காட்மியம் 767 டிகிரியில் கொதித்துவிடும், கேஸ் கட்டரின் சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அந்த நேரத்தில் தொண்டைக் கரகரப்பு மட்டும்தான் இருக்கும். மாலையில் சளிக்காய்ச்சல் போலத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் படுப்பார். இரவிலோ மறுநாளோ நுரையீரலில் நீர் கோத்துவிடும். போல்ட்டைத் திருகிக் கழற்றுங்கள், முடியாவிட்டால் ரம்பத்தால் அறுங்கள். நெருப்பு மட்டும் வேண்டாம்.

பெரிலியம் என்ற உலோகம் இன்னும் கொடியது. லேண்டிங் கியரின் புஷ்களில் செம்போடு கலந்து வெண்கலம் போல இருக்கும். சில பழைய ராணுவ விமானங்களின் பிரேக் தட்டுகளிலும் உண்டு. ரேடார், ரேடியோப் பெட்டிகளில் வெள்ளைப் பீங்கான் துண்டாகவும் இருக்கும். உடைக்காமல், தேய்க்காமல் தனியே எடுத்து வையுங்கள். அதன் தூசியால் வரும் நுரையீரல் நோய் பல ஆண்டு கழித்துத் தலைகாட்டும், குணமாகாது.

மக்னீசியப் பாகம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீ பெரிதாகும். உலோகத் தீக்கான உலர் தூள் பக்கத்தில் இருக்க வேண்டும். பிஸ்டன் என்ஜின்களின் புகைவால்வுத் தண்டுக்குள் சோடியம் அடைத்திருப்பார்கள். வால்வை அறுக்கவோ நசுக்கவோ செய்து ஈரம் பட்டால் வெடிப்பு.

உடல்கூட்டின் உட்புறம் ஒட்டிய வெப்பத்தடுப்பு மெத்தைகளை அறுக்கும் முன் கிழித்தெடுங்கள். பழைய வகை ஒன்று சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். 1998-ல் ஸ்விஸ்ஏர் 111-இல் தீ பரவியது அதன் வழியாகத்தான். பழைய விமானங்களின் பிரேக் பட்டைகள், கேஸ்கெட்டுகள், தீச்சுவர்களில் கல்நார் இருக்கலாம். மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை நனைத்து மூடி வையுங்கள். குழல்விளக்குகளைப் பாதரசத்துக்காக முழுதாக எடுங்கள்.

போயிங் 787-இன் எடையில் பாதி, நாரும் பிசினும் சேர்ந்த கலவைப்பொருள். கார்பன் நாரை அறுத்தால் வரும் தூசி தோலைக் குத்தும், மூச்சில் ஏறும், மின்சாரம் கடத்துவதால் அருகிலுள்ள கருவிகளையும் எரித்துவிடும். நனைத்து அறுத்து உறிஞ்சியால் இழுக்க வேண்டும், எரித்து ஒழிக்கக்கூடாது. எஃப்-14, எஃப்-15 போன்றவற்றின் வாலில் போரான் நார் உண்டு. அதன் சிலாம்பு சாதாரணக் கையுறையைத் துளைத்து ஆழமாக இறங்கும்.

8. உடலும் உடையும்

துணி முகமூடி போதாது. துகள் வடிகட்டி உள்ள, முகத்தோடு பொருந்தும் மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அது ஒட்டாது. வேலை உடையைத் தளத்திலேயே கழற்றுங்கள், துவைப்பும் அங்கேயே. வீட்டுத் துணியோடு கலந்தால் உங்கள் தூசியைக் குடும்பமும் சுவாசிக்கும். கை, முகம் கழுவாமல் சாப்பாடோ தண்ணீரோ வாய்க்குப் போகக்கூடாது.

முதல் நாள் தயாரித்த பட்டியலில் ஒவ்வொரு பொருளும் எந்த நாளில், யாரிடம், எந்தச் சீட்டோடு போனது என்று எழுதி முடியுங்கள். ஏதாவது குப்பியையோ குடுவையையோ ‘காலி’ என்று எழுதினால், அதை யார் எப்படிச் சோதித்தார் என்றும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பட்டியலின் நகல் ஒன்று எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் தொங்கட்டும். யாருக்காவது காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் அவரோடு அந்த நகலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அன்று அவர் எந்தப் பாகத்தை வெட்டினார் என்ற குறிப்போடு.